பறக்காத விமானம் காப்பாற்றிய வானம்

குளோரின் என்றால் ஓசோனுக்கு எமன். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒரே ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை வரிசையாகப் போட்டுத்தள்ளிவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி அடுத்த ஆளைத் தேடிக்கொண்டு போகும். இப்படிப்பட்ட ரவுடியை யாராவது மலை மலையாகக் குவித்து ரோட்டோரம் வைப்பார்களா? வைக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மரக்காணத்தில்.

அங்கே குவிந்துகிடப்பது உப்பு. உப்பில் எடைக்கு அறுபது சதவீதம் குளோரின்தான். ஊரும் நேற்று முளைத்ததல்ல; சங்க இலக்கியத்து எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஓசோனின் எமனோடு அத்தனை நூற்றாண்டு குடித்தனம் நடத்தியும் மரக்காணத்து வானத்தில் ஒரு ஓட்டை இல்லை. எப்படி?

இந்தக் கேள்வியை 1990களில் அமெரிக்காவில் ஒரு கோஷ்டி பிடித்துக்கொண்டது. “கடல் முழுக்கக் குளோரின் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, அப்பாவி ஃப்ரிட்ஜ் வாயுவைப் போய்த் திட்டுகிறீர்களே!” ரேடியோவில் பேசினார்கள், புத்தகம் போட்டார்கள், கைதட்டலும் வாங்கினார்கள். அவர்களை ஒரு ஐப்பசி மாதம் மரக்காணத்துக்குக் கூட்டிவந்திருந்தால் விவாதம் ஒரே ராத்திரியில் முடிந்திருக்கும்.

ஏனென்றால், அங்கே வருஷத்தின் முதல் பாதி முழுக்க ஒரே வேலை. பாத்தியில் உப்புத்தண்ணீர் கட்டுவார்கள். வெயில் காய்ச்சும். அடியில் வெள்ளையாகப் படிந்ததும், நீளக்கம்பில் பலகை பொருத்தி, குனிந்த முதுகு நிமிராமல் இழுத்து இழுத்து வரப்போரம் வாருவார்கள். கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய்க் குவிப்பார்கள். குவியலை மூடாமல் விட்ட ராத்திரியில் வடகிழக்குப் பருவமழை வந்து ஒரு மணி நேரம் நின்று பெய்தால் போதும், வாரியதெல்லாம் வந்த வழியே கடலைப் பார்க்க நடையைக் கட்டும். உப்பு கரையும் ஐயா. கடலலையிலிருந்து தெறித்து மேலே கிளம்பும் உப்புத்தூளுக்கும் இதே கதிதான். மேகத்தைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக் கீழே தள்ளிவிடும். ஓசோன் இருப்பதோ அதற்கும் மேலே, இருபது இருபத்தைந்து கிலோமீட்டரில்.

ஆக, ஓசோனைக் கெடுப்பது அவ்வளவு சுலபமில்லை. மழையைத் தாண்டிப் போகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வழி இரண்டு. ஒன்று, தண்ணீரில் கரையாத ஜென்மமாகப் பிறப்பது. இன்னொன்று, டிக்கெட் எடுத்து விமானத்தில் போவது. மனிதகுலம் முதலில் அலறியது இரண்டாவதைப் பார்த்துத்தான். அலறவைத்த விமானம் பெரும்பாலும் பறக்கவே இல்லை என்பது கதையின் சுவாரஸ்யம்.

1962. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும் கான்கார்டைச் செய்வதென்று ஒப்பந்தம் போட்டன. நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்ட பங்காளிகள் கூட்டாகக் கம்பெனி ஆரம்பித்தால் அக்கம்பக்கத்தில் வயிறு எரியாதா? எரிந்தது, வாஷிங்டனில்.

1963 ஜூன் 4. அமெரிக்காவின் சொந்தக் கம்பெனியான பான் ஆம், ஆறு கான்கார்டுகளுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தது. மறுநாளே ஜான் கென்னடி மேடையேறி, அமெரிக்காவும் ஒரு சூப்பர்சானிக் விமானம் செய்யும் என்று அறிவித்துவிட்டார். சந்திரனுக்கு ஆள் அனுப்ப எட்டு வருஷம் யோசிக்க அவகாசம் இருந்தது. இதற்கு ஒரே ராத்திரி.

காண்ட்ராக்ட் போயிங்குக்குப் போனது. பெயர் 2707. கிட்டத்தட்ட முந்நூறு பேர், ஒலியைப்போல 2.7 மடங்கு வேகம், உடம்பெல்லாம் டைட்டானியம். பறக்கும்போதே இறக்கையை மடக்கி விரிக்கலாம் என்றார்கள். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், இறக்கையை மடக்கும் இயந்திரமே ஏகப்பட்ட எடை. இதைத் தூக்கிக்கொண்டு பறப்பதா, பயணிகளைத் தூக்கிக்கொண்டு பறப்பதா? மடக்கு இறக்கையை மூட்டை கட்டிவிட்டு, சாதாரண நிலை இறக்கைக்கே திரும்பினார்கள்.

இருந்தாலும் 26 விமானக் கம்பெனிகள் 122 விமானத்துக்குத் துண்டு போட்டன. அதில் நம் ஏர் இந்தியாவும் உண்டு. ஜே.ஆர்.டி. டாட்டா தலைவராக இருந்த காலம். போயிங்கில் இரண்டு துண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று கான்கார்டிலும் இரண்டு துண்டு. பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு டிரங்க் கால் புக் செய்துவிட்டு அரை நாள் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேசம், லண்டனுக்கு மட்டும் ஒலியைவிட வேகமாகப் போக அவசரப்பட்டது. மகாராஜா சின்னம் வைத்திருக்கிற கம்பெனி வேறு எப்படி யோசிக்கும்?

சூப்பர்சானிக் விமானம் போகிற வழியெல்லாம் தரையில் ‘டமார்’ என்று ஒரு வெடிச்சத்தம் கேட்கும். அது ஜனங்களுக்குப் பழகிவிடுமா என்று பார்க்க அமெரிக்க அரசு 1964ல் ஓக்லஹோமா நகரத்தைத் தேர்ந்தெடுத்தது. ஆறு மாதத்தில் 1,253 டமார். உயரமான கட்டடங்களில் கண்ணாடிகள் நொறுங்கின. பதினைந்தாயிரத்துக்கு மேல் புகார் வந்தது. நான்கில் ஒருவருக்கு மேல், இதோடு எங்களால் வாழ முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற மூன்று பேர் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னதே பெரிய விஷயம் என்பேன்.

போயிங் இருந்த சியாட்டிலில் வேறு கொண்டாட்டம். ஊருக்கு வந்த புதுக் கூடைப்பந்து அணிக்கு ‘சூப்பர்சானிக்ஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். விமானம் பறக்கவில்லை, அணி மட்டும் நாற்பது வருஷம் ஆடியது. 2008ல் அந்த அணியை ஊர் மாற்றினார்கள். எந்த ஊருக்கு? ஓக்லஹோமா நகரத்துக்கு. புதுப் பெயர்? ‘தண்டர்’, இடிமுழக்கம். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் எடிட்டர் வெட்டியிருப்பார்.

இப்போது ஓசோன் மேடையேறுகிறது.

1971 மார்ச். திட்டத்துக்கு மேலும் பணம் கொடுக்கலாமா என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்கிறது. அரிசோனா பல்கலைக்கழகத்து வளிமண்டல விஞ்ஞானி ஜேம்ஸ் மெக்டொனால்ட் சாட்சி சொல்ல வருகிறார். இந்த விமானக் கூட்டம் ஓசோனைக் குறைக்கும், புற ஊதாக் கதிர் கூடும், அமெரிக்காவில் வருஷத்துக்குப் பத்தாயிரம் தோல் புற்றுநோய் கூடுதலாக வரலாம் என்கிறார். உறுப்பினர்கள் எதைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்டார்கள் தெரியுமா? பறக்கும் தட்டு பற்றி. மனிதருக்கு அதிலும் ஆராய்ச்சி உண்டு. சபையில் ஒரே சிரிப்பு. அவமானத்தோடு போன அவர் அந்த வருஷம் ஜூனில் இறந்துபோனார். தோல் புற்றுநோய்க்கும் ஓசோனுக்கும் அவர் போட்ட முடிச்சு பிற்பாடு பாடப்புத்தகத்தில் ஏறியது. சிரித்தவர்கள் யாரும் மறுபடி வந்து மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

அதே மாதம் கொலராடோவில் ஒரு கூட்டம். பெர்க்லியிலிருந்து ஹரால்ட் ஜான்ஸ்டன் என்ற வேதியியல் பேராசிரியர் வந்திருந்தார். நைட்ரஜன் ஆக்ஸைடு விஷயத்தில் கரைகண்டவர். விமானத்தின் நீராவியால் என்ன ஆகும் என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, நைட்ரஜன் ஆக்ஸைடைக் கண்டுகொள்ளவே இல்லையே என்று இவருக்குப் பொறுக்கவில்லை. எஞ்சின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஒட்டிக்கொண்டு வெளியே வரும் புகை அது. ஹாலந்துக்காரர் பால் குருட்சன் 1970லேயே, இந்த ஆக்ஸைடு தான் அழியாமல் ஓசோனை அழிக்கும் வித்தையை எழுதிவைத்திருந்தார். ஜான்ஸ்டன் ராத்திரியோடு ராத்திரியாகக் கணக்குப் போட்டுக் காலையில் விநியோகித்துவிட்டார். ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ பத்திரிகையில் கட்டுரை வந்தது. ஐந்நூறு சூப்பர்சானிக் விமானங்கள் பறந்தால் ஓசோன் பாதியாகிவிடலாம்!

பாதி என்றால் எதில் பாதி? இங்கேதான் நம்மூர் கதைக்குள் வருகிறது. கொஞ்சம் மலையேற வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கார்டன் டாப்சன் என்றொருவர் தன் வீட்டுப் பட்டறையிலேயே ஓசோன் அளக்கும் கருவி செய்தார். 1928 வாக்கில் அவற்றை உலகெங்கும் பிரித்து அனுப்பினார். கலிபோர்னியாவுக்கு ஒன்று, எகிப்துக்கு ஒன்று, நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்கு ஒன்று. இன்னொன்று நம் கொடைக்கானலுக்கு. அப்போது கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் தாமஸ் ராய்ட்ஸ். ரூதர்ஃபோர்டோடு சேர்ந்து ஆல்ஃபா துகள் என்பது ஹீலியம்தான் என்று நிரூபித்த பெரிய கை. அப்பேர்ப்பட்டவரின் ஆய்வகம் செய்த வேலை, சூரியனைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை உடையாமல் பெட்டிகட்டி ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தபாலில் அனுப்புவது. வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் விஞ்ஞானம் என்பது பாதி வைக்கோலும் அட்டைப்பெட்டியும்.

அந்தத் தகடுகள் சொன்ன சேதி: தமிழ்நாட்டு வானத்தில் ஓசோன் குறைவு. அதுவும் வருஷம் முழுக்கப் பெரிதாக மாறாமல் குறைவு. தலைக்கு மேலிருக்கும் ஓசோன் மொத்தத்தையும் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்து அமுக்கினால் வாஷிங்டன் பக்கம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேறும். டாப்சன் பெயரிலேயே வந்த அலகில் 300 சொச்சம். கொடைக்கானலில் 260ஐ ஒட்டித்தான்.

இதை மனசில் வைத்துக்கொண்டு அமெரிக்கப் பயத்தைத் திரும்பப் பாருங்கள். பத்து பதினைந்து சதவீதம் ஓசோன் போனால் என்ன ஆகும் என்று அவர்கள் நடுங்கிய வானம், கிட்டத்தட்ட நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிற வானம். மரக்காணத்தில் சூரியன் உச்சந்தலைக்கு வரும், கீழே வெள்ளை வெளேரென்று உப்பு அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கண் கூசிக் கூசிப் பார்வை மங்குகிறது என்பது உப்பளத்துக்காரர்களின் பழைய முறையீடு. அதற்காக ஒரு விசாரணைக் கமிஷன், ஒரு ‘சயின்ஸ்’ கட்டுரை? சும்மா ஒரு கேள்வி.

ஓசோன் கதையில் நமக்கு இரண்டு ராமநாதன்கள். முதலாமவர் கே.ஆர். ராமநாதன், பழைய சென்னை மாகாணத்துப் பாலக்காடு, கல்பாத்திக்காரர். சி.வி. ராமனிடம் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது, 1923ல், தண்ணீரில் சிதறும் ஒளியில் ஒரு மெல்லிய புது வெளிச்சத்தைக் கண்டார். ஏதோ அழுக்கின் மினுமினுப்பு என்று நினைத்தார்கள். தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. ஐந்து வருஷம் கழித்து அதற்கு ராமன் விளைவு என்று பெயர் வந்தது. இவர் அலட்டிக்கொள்ளவில்லை. வானிலைத் துறைக்குப் போய், ஓசோனைப் பிடித்துக்கொண்டு, சர்வதேச ஓசோன் ஆணையத்துக்கே தலைவரானார். ஒரு வெளிச்சம் கைநழுவினால் இன்னொரு வாயு.

இரண்டாமவர் கொஞ்சம் பொறுத்து வருவார்.

இதற்கிடையே அமெரிக்க விமானம் என்ன ஆனது? 1971 மார்ச்சிலேயே நாடாளுமன்றம் பணத்தை நிறுத்திவிட்டது. கவனியுங்கள், ஜான்ஸ்டன் கட்டுரை வெளிவந்தது அதற்கப்புறம். திட்டத்தைக் கொன்றது பெரும்பாலும் செலவும் சத்தமும்தான். பிற்பாடு சூழலியல்காரர்கள் ஓசோனைக் காப்பாற்றியதாகக் காலரைத் தூக்கினார்கள். ஆலைக்காரர்கள் ஓசோன் பூச்சாண்டியால் வேலை போனதாக மூக்கைச் சிந்தினார்கள். பொருளாளர் ஓரமாக உட்கார்ந்து நோட்டை மூடிவைத்துக்கொண்டிருந்தார்.

முழு அளவு மாதிரி விமானம் ஒன்று மிச்சம் இருந்தது. அதை ஏலத்தில் முப்பதாயிரம் டாலர் சொச்சத்துக்கு ஒருவர் வாங்கி ஃப்ளோரிடாவில் மியூசியம் வைத்தார். மியூசியமும் படுத்தது. கட்டடத்தை ஒரு கிறிஸ்தவ சபை வாங்கியது. விமானத்தை வெளியே எடுக்க முடியாமல், அது மேலே நிற்க, கீழே சில வருஷம் ஜெபம் நடந்தது. ஒலியைத் தாண்டிப் போக வேண்டியது, கடைசியில் ஊழியத்துக்கு வந்துவிட்டது!

கான்கார்டு மட்டும் பறந்தது. 1972ல் பம்பாய்க்கே வந்து முகம் காட்டிவிட்டுப் போனது. பார்த்தோம், ரசித்தோம், விலையைக் கேட்டோம். ஏர் இந்தியா 1975ல் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டது. உலகமே அப்படித்தான் செய்தது; 1973ல் எண்ணெய் விலை ஏறியபிறகு மிச்சமிருந்த துண்டுகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மொத்தம் செய்தது 20 விமானம், பயணிகளோடு பறந்தது 14. ஜான்ஸ்டன் பயந்த ஐந்நூறு எங்கே, பதினான்கு எங்கே?

அந்தப் பதினான்கில் ஒன்று நம் வாசல் வழியாகப் போயிற்று. 1977 டிசம்பரில் லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் சேவை தொடங்கியது. பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் பங்கு. யார் பெயரை எழுதுவது? விமானத்தின் இடப்பக்கம் முழுக்கச் சிங்கப்பூர் பெயின்ட், வலப்பக்கம் முழுக்கப் பிரிட்டிஷ் பெயின்ட். விமான சரித்திரத்தில் இப்படி ஒரு அர்த்தநாரீஸ்வரர் அபூர்வம்.

மூன்று தடவை போய்வந்ததும் மலேசியா கதவைச் சாத்தியது. சத்தம் தாங்கவில்லையாம். 1979ல் வழியை மாற்றி மறுபடி விட்டார்கள். இந்தியாவோ, எங்கள் வான்வெளியில் ஒலியைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. உலகத்திலேயே வேகமான பயணி விமானம் நம் பக்கம் வந்தால் சாது மாதிரி போக வேண்டும். எரிபொருளுக்குக் கட்டுப்படியாகவில்லை, 1980ல் கடையைக் கட்டினார்கள். ஓசோனைப் பற்றி மலேசியாவும் பேசவில்லை, இந்தியாவும் பேசவில்லை. பேசியது காதும் பர்ஸும்.

விஞ்ஞானிகள் மட்டும் விடவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை சுமார் இரண்டு கோடி டாலர் கொட்டி, நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகளை மூன்று வருஷம் உட்காரவைத்தது. 1975ல் அறிக்கை வந்தது. பல ஆயிரம் பக்கத்தை யார் படிப்பார்? பத்திரிகையாளர்களுக்குச் சுருக்கம் கொடுத்தார்கள். இப்போது திட்டத்திலிருக்கும் சில டஜன் விமானங்களால் பாதிப்பு இல்லை என்று அதில் கண்ணில் படும்படி இருந்தது. ஐந்நூறு பறந்தால் ஓசோனுக்கு ஆபத்து என்பது உள்ளே புதைந்துகிடந்தது. மறுநாள் பேப்பரில் ‘சூப்பர்சானிக் நிரபராதி’. விஞ்ஞானிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சுருக்கத்தை எழுதியவன் கையில்தான் சரித்திரம்.

இதைவிடப் பெரிய கூத்து 1977ல். ஜான்ஸ்டன் கணக்கு உட்பட எல்லாருடைய கணக்கிலும் ஒரு சின்ன வேதிவினையின் வேகம் உத்தேசமாகப் போடப்பட்டிருந்தது. அதை இரண்டு பேர் ஆய்வகத்தில் நேரடியாக அளந்தார்கள். நிஜ வேகம் பல மடங்கு அதிகம். கம்ப்யூட்டரில் புது எண்ணைப் போட்டால் பதில் தலைகீழ். சூப்பர்சானிக் விமானம் விட்டால் ஓசோன் கூடும்! அடப்பாவிகளா, ஆறு வருஷம் திட்டினீர்களே? சில வருஷத்தில் வேறு சில வேகங்களையும் திருத்தினார்கள். பதில் மறுபடி தலைகீழ். குறையும்தான். ஒரே விமானம், ஒரே வானம். தீர்ப்பு மட்டும் மூன்று.

சிரிக்கலாம். ஆனால் ஒரு விஷயம். இந்த விமானச் சண்டை நடக்கும் முன்னால் அந்த உயரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க யாருக்கும் அவசரமில்லை. சண்டை வந்த பிறகு எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்தபோது வேறொரு திருடன் மாட்டினான்.

எப்படி? நாசா தன் ஸ்பேஸ் ஷட்டிலின் புகை வானத்தைக் கெடுக்குமா என்று பார்க்கச் சொல்லி மிச்சிகனில் ஸ்டோலார்ஸ்கி, சிசரோன் என்ற இரண்டு இளைஞர்களுக்குப் பணம் கொடுத்தது. ஷட்டிலின் திட எரிபொருள் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அவர்கள் பார்த்தார்கள், குளோரின், நைட்ரஜன் ஆக்ஸைடைவிடப் பெரிய கொலைகாரன். பணம் கொடுத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது? 1973ல் கியோட்டோ மாநாட்டில் எரிமலைக் குளோரினைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தார்கள். ஷட்டில் என்ற சொல் வாயில் வரவில்லை. சம்பளம் வாங்குகிற எவருக்கும் இந்த சங்கடம் புரியும்.

அதே வருஷம் கலிபோர்னியாவில் ரோலண்ட், மொலினா என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஃப்ரிட்ஜ், ஸ்ப்ரே டப்பாக்களில் இருந்த சி.எஃப்.சி. வாயு எங்கேதான் போகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அது தண்ணீரில் கரையாது, எதோடும் சேராது. மழைக்கு அடங்காமல் மெதுவாக மேலேறி, புற ஊதாக் கதிர் பட்டதும் குளோரினைக் கக்கும். விடை கிடைத்ததும் பதறிப்போய் டிசம்பரில் யாரைப் பார்க்கப் போனார்கள்? நம் ஜான்ஸ்டனை. குளோரினைப் பற்றி ஏற்கெனவே இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். 1974ல் அவர்கள் கட்டுரை வந்தது. 1995ல் இருவருக்கும் குருட்சனுக்கும் நோபல் பரிசு. ஜான்ஸ்டனுக்கு இல்லை. கல்யாணத்துக்கு வழிசொன்னவருக்குப் பந்தியில் இடமில்லை.

இப்போது இரண்டாவது ராமநாதன். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் தாண்டினால் சிதம்பரம்; அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965ல் பொறியியல் முடித்தவர் வீரபத்ரன் ராமநாதன். முதல் உத்தியோகம் செகந்திராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில். வேலை, ஃப்ரிட்ஜ் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது. சலித்துப்போய்ப் படிக்கப் போனார். பெங்களூர், அப்புறம் அமெரிக்கா, அப்புறம் நாசா. 1975ல் தனி ஆளாக ஒரு கட்டுரை எழுதினார். அந்த சி.எஃப்.சி. ஓசோனைத் தின்பது போதாதென்று பூமியைச் சூடாக்கவும் செய்கிறது, கார்பன் டையாக்ஸைடைவிட மூலக்கூறுக்கு மூலக்கூறு பத்தாயிரம் மடங்கு. செகந்திராபாத்தில் அடைக்கச் சொன்ன கசிவை, உலகம் முழுக்க அடைக்கச் சொல்லிவிட்டார்!

பெரிய மனிதர்கள் சும்மா இருப்பார்களா? 1987ல் அமெரிக்க அதிபர் ரீகனின் அமைச்சர் டொனால்ட் ஹோடல், சி.எஃப்.சி.யைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் கிப்பந்தம் எதற்கு, தொப்பியும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டால் போதாதா என்று யோசனை சொன்னதாகச் செய்தி கசிந்தது. மீனுக்கு யார் கண்ணாடி மாட்டுவது என்று சூழலியல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். தான் அப்படிச் சொல்லவில்லை என்றார் அமைச்சர். அந்த செப்டம்பர் 16ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. குப்பை போட்டது நீங்கள், கூட்டிப் பெருக்க மட்டும் நாங்களா என்று இந்தியா முரண்டு பிடித்தது. ஏழை நாடுகளுக்கு நிதி ஏற்பாடு ஆனபிறகு 1992ல் சேர்ந்தது. முரண்டு நியாயமானதுதான்.

சரி, இன்றைக்குத் தலைக்கு மேல் போகிற விமானம்? மரக்காணத்துக்கு மேல் போகும் சாதாரண ஜெட் பத்து பன்னிரண்டு கிலோமீட்டரில் போகிறது. ஓசோன் குடியிருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் வெப்பமண்டலத்தில் தொடங்குவதே பதினாறு பதினேழு கிலோமீட்டரில். அதே நைட்ரஜன் ஆக்ஸைடு அந்தக் கீழ்த்தட்டில் ஓசோனை உண்டாக்குகிறது. அங்கே அது குடையாக இல்லாமல் போர்வையாகிப் பூமியைச் சூடாக்கும். அதே ஜெட் துருவத்தின் மேல் பறந்தால் எட்டு ஒன்பது கிலோமீட்டரிலேயே ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் நுழைந்துவிடுகிறது. இன்னும் மேலே, கான்கார்டு தாண்டிய உயரத்தில், அந்தப் புகை ஓசோனைத் தின்னும். புகை ஒன்றே, மாடிக்கு மாடி குணம் வேறு.

கான்கார்டின் புகையை நிஜமாகவே பிடித்துப் பார்த்தது 1994ல்தான். நாசாவின் ஈ.ஆர்-2 விமானம் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கிளம்பி நியூஸிலாந்துப் பக்கம் அதன் வாலைப் பிடித்தது. நைட்ரஜன் ஆக்ஸைடு கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் யாரும் எதிர்பார்க்காத அளவு கந்தக அமிலப் பொடித்துகள். திட்டம் போட்டு முப்பது வருஷம் கழித்து, விமானம் ரிட்டயர் ஆக ஒன்பது வருஷம் இருக்கும்போது, புகையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சபாஷ்!

சி.எஃப்.சி.யை நிறுத்தியதால் ஓசோன் மெல்லத் தேறிவருகிறது. அன்டார்க்டிகா ஓட்டை 2066 வாக்கில் 1980 நிலைக்குத் திரும்பும் என்பது 2022ல் வந்த உலக மதிப்பீடு. ஐந்நூறு சூப்பர்சானிக் பறந்து, ஃப்ரிட்ஜைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வராமல் போயிருந்தால்? கென்னடியின் வீறாப்பும், போயிங்கின் கனவும், ஏர் இந்தியாவின் துண்டும் வீணாகவில்லை என்பது என் கட்சி. பறக்காத விமானத்தைப் பற்றிய பயம், நம் அடுக்களையில் நின்றுகொண்டிருந்த பெட்டியைக் காட்டிக்கொடுத்தது.

இப்போது புது ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து கிளம்பப்போகும் எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று அடுக்கும் திட எரிபொருள். அதில் முக்கியச் சரக்கு அம்மோனியம் பெர்குளோரேட். எடையில் முப்பது சதவீதம் குளோரின். அதைத் தயாரிக்கும் முதல் படியே உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சுவது. மழையைத் தாண்ட முடியாத உப்புக்கு, ஸ்ட்ராட்டோஸ்பியருக்கு லிஃப்ட்! பயப்படாதீர்கள், இன்றைக்கு உலகத்து ராக்கெட் எல்லாம் சேர்ந்து செய்யும் சேதம் சொற்பம்தான். எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் விஷயம்.

நாசாவின் எக்ஸ்-59 சூப்பர்சானிக் விமானமும் 2025 அக்டோபரில் முதல்முறை பறந்துவிட்டது. டமார் சத்தத்தை மெல்லிய தட்டலாகக் குறைப்பது அதன் லட்சியம். பறக்கப்போகும் உயரம் பதினாறு பதினேழு கிலோமீட்டர். இனி யாராவது சூப்பர்சானிக் கம்பெனிக்காரர் கோட்டு சூட்டோடு மேடையேறி, சென்னையிலிருந்து லண்டனுக்கு நாலு மணி நேரம் என்பார். வேகத்தையும் டிக்கெட் விலையையும் நிருபர்கள் கேட்டுக்கொள்வார்கள். நீங்கள் எழுந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: “சார், எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் புகையை விடுவீர்கள்?”